மூன்றாம் கை படாமல்

ஒரு மணி நேரப் பேச்சு, நான் பதிவு செய்கிற தரத்தில், ஒரு ஜி.பி.க்குக் கொஞ்சம் மேலே வரும். நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட், இரண்டு மைக். பெருக்கிப் பார்த்தால் 1.04 ஜி.பி. எம்.பி.3 ஆக்கினால் வெகுவாகச் சுருங்கிவிடும்தான். ஆனால் உப்பளத்துக் காற்றுக்கு நடுவே தாழ்ந்த குரலில் சொன்ன ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் காதால் பிடித்து எழுத்தில் கொண்டுவர வேண்டியவருக்குச் சுருக்காத பதிவுதான் வேண்டும்.

தூத்துக்குடி உப்பளங்களில் உழைத்த, இன்றும் உழைக்கிற பெண்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்வது என் வேலை. நான் இருப்பது சென்னையில். கேட்டுத் தட்டெழுதித் தருபவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார்; நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்தப் பக்கத்துப் பேச்சில் ஊறியவர் என்பதால் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வராது. பதிவுகளில் உப்பு வாருவதைப் பற்றி மட்டுமா இருக்கிறது? கூலியைப் பிடித்துவைத்த ஆளின் பெயர் இருக்கும். வீட்டுக்குள் நடந்தது இருக்கும். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாதது இருக்கும். பேசி முடித்த ஒரு பாட்டி மைக்கைக் காட்டிக் கேட்டார்: "ஏம்மா, இதை வேற யாரும் கேட்டுர மாட்டாவல்லா?" மாட்டார்கள் பாட்டி என்றேன். அப்படி வாக்குக் கொடுத்த பிறகு, அந்த ஒரு ஜி.பி. எந்த வழியாகப் பாளையங்கோட்டைக்குப் போகிறது, நடுவில் எங்கே தங்குகிறது, யார் கையில் அதைத் திறக்கும் சாவி இருக்கிறது என்பதையெல்லாம் நான் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும்.

எல்லோரும் போகிற வழிகளை முதலில் பார்த்துவிடலாம். ஜிமெயில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பாக ஏற்காது. டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லும். டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகங்களில் கோப்பு போகும் வழியிலும் பூட்டியிருக்கும், போய்ச் சேர்ந்த இடத்திலும் பூட்டியிருக்கும். ஆனால் பூட்டின் சாவி வழக்கமாக அந்த நிறுவனத்திடம்தான். நாமாக அழிக்கும்வரை கோப்பு அங்கே கிடக்கும். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று ஒருமுறை வைத்துவிட்டால், அந்த லிங்க் எத்தனை கை மாறியது என்று நமக்குத் தெரிய வழியில்லை. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக 2 ஜி.பி. வரை அனுப்பலாம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாதபடிதான் அது போகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் போய் இறங்குவது கைபேசியில். வீட்டுப் பிள்ளைகள் விளையாட எடுக்கிற கைபேசி அது. தவறுதலாக ஒரு தட்டுத் தட்டினால் குடும்பக் குழுவுக்கே ஃபார்வர்டு ஆகிவிடும். பென்டிரைவைக் கூரியரில் அனுப்பினாலோ, வழியில் தொலைந்தால் எடுத்தவர் செருகிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: என் கணினியில் புறப்பட்டது அக்காவின் கணினியில் போய் இறங்க வேண்டும். இடையில் திறந்து பார்க்கக்கூடிய பிரதி ஒன்று எங்கேயும் தங்கக் கூடாது.

இரண்டு கணினிகள் தங்களுக்குள் கோப்பு கொடுத்து வாங்குவது இன்றைய இணையத்தைவிடப் பழைய ஏற்பாடு. அதற்கு முதலில் விதி எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்துத் தேறி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய ஆவணத்திலிருந்து வளர்ந்ததுதான் எஃப்.டி.பி. அன்றைக்கு ஆர்பாநெட் என்ற அந்த வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒட்டுக்கேட்பான் ஒருவன் இருப்பான் என்று எண்ணி விதி எழுதத் தேவை இல்லை. ஆகவே பயனர் பெயர், கடவுச்சொல், கோப்பு எல்லாமே எஃப்.டி.பி.யில் திறந்தபடிதான் ஓடும். இருபது வருஷம் கழித்து முன்பின் தெரியாதவர்களெல்லாம் அதிலிருந்து வளர்ந்த இணையத்தில் வந்து சேர்ந்தபோதும் விதி மாறவில்லை.

1995இல் ஃபின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றைப் போட்டு, ஓடிக்கொண்டிருந்த கடவுச்சொற்களை வாரிக்கொண்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனன் அதைப் பார்த்துவிட்டு எழுதிய நிரல்தான் எஸ்.எஸ்.எச். கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் எண்ணிட்ட வாசல் உண்டு. கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21. தூரத்துக் கணினியை இங்கிருந்தே இயக்கும் டெல்நெட்டுக்கு 23. இரண்டும் திறந்த வாசல்கள். இரண்டுக்கும் மாற்றாகத் தன் நிரல் வரவேண்டும் என்று நினைத்த யூலோனன், நடுவில் காலியாகக் கிடந்த 22ஐத் தனக்குத் தரும்படி எண் ஒதுக்கும் ஐயானா அமைப்புக்கு அந்த ஜூலையில் எழுதிக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள். இன்றும் எஸ்.எஸ்.எச்.சின் வாசல் அந்த 22தான். அதன் வழியாகக் கோப்பு அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி., எஸ்.சி.பி. இரண்டும் இப்போது விண்டோஸிலேயே இருக்கின்றன; 2018 முதல் விண்டோஸ் 10உடன் சேர்ந்தே வருகின்றன. தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

எஸ்.எஸ்.எச். வழியாக ஒரு கணினியை முதல்முறை தொடும்போது திரையில் ஒரு கேள்வி வரும். 'இந்தக் கணினி இன்னதுதான் என்று உறுதி செய்ய முடியவில்லை, இதன் கைரேகை இது, தொடரலாமா?' கைரேகை என்பது புரியாத எழுத்துகளின் நீண்ட கோவை. பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. 'யெஸ்' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த விஷயத்தின் முடிச்சு முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஏனென்றால், பூட்டுவது கஷ்டமே இல்லை. யாரோடு சேர்ந்து பூட்டுகிறோம் என்பதுதான் கஷ்டம். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஓர் அதிசயமான கணக்கை வெளியிட்டார்கள். நான் ஒரு ரகசிய எண்ணை நினைத்துக்கொள்கிறேன். அக்கா ஒன்றை நினைத்துக்கொள்கிறார். இருவரும் அவரவர் எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் ஊரறியச் சொல்கிறோம். அவர் சொன்ன விடையோடு என் ரகசியத்தை நானும், நான் சொன்ன விடையோடு தன் ரகசியத்தை அவரும் சேர்த்தால் இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும். நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவனுக்கு அந்த எண் கிடைக்காது. அந்த எண்தான் சாவி. முன்பின் சந்திக்காத இருவர், திறந்த வெளியில் பேசியே ரகசியச் சாவி செய்துகொள்ளலாம் என்பது அதுவரை வெளியுலகம் காணாதது. இன்றைய இணையப் பாதுகாப்பின் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

ஆனால் நடுவில் இருப்பவன் கேட்பதோடு நிற்காமல், என்னிடம் அக்காவாகவும் அக்காவிடம் நானாகவும் நடித்தால்? என்னோடு ஒரு சாவி, அவரோடு ஒரு சாவி என்று இரண்டு செய்துகொண்டு, நான் அனுப்புவதைத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டி அவருக்கு அனுப்புவான். எங்கள் இருவருக்கும் எல்லாம் சரியாகப் போவது போலவே தெரியும். எஸ்.எஸ்.எச். கைரேகையைக் காட்டிக் கேட்பது இதற்காகத்தான். அந்தக் கோவையை அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தால் நடுவில் எவனும் இல்லை என்று நிச்சயமாகும். நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்து, சின்னது பெரியது என்று பிரித்துப் படிக்க வேண்டும். யார் படிப்பார்கள்?

இந்த இடத்தில்தான் மேஜிக் வார்ம்ஹோல் என்ற நிரல் எனக்குக் கைகொடுத்தது. பிரையன் வார்னர் என்ற நிரலாளர் எழுதி, 2016இல் போர்ட்லாந்தில் நடந்த பைகான் மாநாட்டில் விளக்கிக் காட்டியது. இலவசம், மூலநிரலையும் யாரும் பார்க்கலாம். நான் அனுப்பச் சொல்லிக் கோப்பைக் கொடுத்ததும் அது ஒரு குறியீட்டைக் காட்டும். '7-கிராஸோவர்-க்ளாக்வொர்க்' என்பது போல, ஓர் எண்ணும் இரண்டு ஆங்கிலச் சொற்களும். அவ்வளவுதான். உடனே அக்காவுக்குப் போன் போடுவேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் முன்னாடிதானே இருக்கீங்க? ஏழு. அப்புறம் கிராஸோவர்."

"சொல்லு, சொல்லு. சி-ஆர்-ஓ தான? வந்துட்டு."

அவர் முதல் எழுத்துகளைத் தட்டி டேப் பொத்தானை அமுக்கினால் மிச்சத்தை நிரலே பூர்த்தி செய்துவிடும். சொற்கள் வரும் பட்டியலும் இதற்கென்றே செய்யப்பட்டதுதான். பாட்ரிக் ஜுவோலா என்ற மொழியியலாளரும், பி.ஜி.பி. மறையாக்க நிரலை எழுதிய ஃபில் ஸிம்மர்மனும் 1995இல் தொகுத்தது. போனில் சொன்னால் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிடாதபடி சொற்களைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டே இரண்டு சொல் எப்படிக் காவலாகும் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒவ்வொரு சொல்லும் 256 சொற்களிலிருந்து வருகிறது. 256ஐ 256ஆல் பெருக்கினால் 65,536. கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்து ஜிப் கோப்பைப் பூட்டி அனுப்புகிறவர்கள் நம்மில் நிறைய. நூறு வருஷத்துப் பிறந்த தேதிகள் எல்லாம் சேர்த்தாலே 36,500 சொச்சம்தான். அந்த ஜிப் கோப்பு ஒருவன் கையில் கிடைத்தால் அவன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எல்லாத் தேதியையும் போட்டுப் பார்ப்பான். தப்பானால் இன்னொன்று. தடுப்பவர் யாரும் இல்லை. காபி ஆறுவதற்குள் திறந்துவிடும். 65,536ம் அதே அளவு சின்ன எண்தான். ஆனாலும் வார்ம்ஹோல் குறியீடு வலுவானது. ஏன்?

முயற்சி ஒன்றே ஒன்றுதான். ஏ.டி.எம். அட்டையின் நான்கு இலக்க எண்ணை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் சாத்தியம்தான், ஆனால் மூன்று முறை தப்பினால் அட்டை முடங்குகிறது, அதனால் நான்கு இலக்கம் போதுகிறது. வார்ம்ஹோல் அதைவிடக் கறார். ஒருமுறை தப்பாகச் சொன்னாலே அந்தக் குறியீடு செத்துவிடும். என் திரையிலும் பிழை என்று வந்துவிடும். நடுவில் நடிக்க வருகிறவனுக்கு 65,536இல் ஒரு வாய்ப்பு, அதுவும் ஒரே தடவை. அவன் தோற்றால் எனக்கு உடனே தெரியும். நான் வேறு குறியீடு எடுத்துக்கொள்வேன்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கின் வித்து 1992இல் விழுந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீவன் பெல்லோவினும் மைக்கேல் மெரிட்டும் டிஃபி-ஹெல்மன் கணக்கோடு கடவுச்சொல்லைக் கலந்து பிசைந்தார்கள். இரு முனையிலும் ஒரே சொல் இருந்தால்தான் இரு முனையிலும் ஒரே சாவி பிறக்கும். சொல் தப்பென்றால் சம்பந்தமில்லாத இரண்டு சாவிகள் பிறக்கும், அவ்வளவுதான். கேட்டுப் பதிவு செய்துகொண்டவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க அதில் ஒன்றும் மிஞ்சாது. நான் குறியீட்டைக் கிறுக்கிய தாள் நாளைக்கு யார் கையில் கிடைத்தாலும் பழைய கோப்பு திறக்காது, ஏனென்றால் அந்தச் சொற்கள் சாவி இல்லை. அந்த ஒரு நிமிடம் சாவி செய்ய உதவியவை, அவ்வளவே.

இதில் எனக்கு மிகப் பிடித்தது என்னவென்றால், எல்லாப் பாதுகாப்பும் கடைசியில் நான் அக்காவின் குரலை அறிவேன் என்பதில் வந்து நிற்கிறது. எந்த நிறுவனத்தின் சான்றிதழும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பல வருஷப் பழக்கம் போதுமானதாக இருக்கிறது. அதனால்தான் குறியீட்டை எழுத்தாக அனுப்பாமல் வாயால் சொல்கிறேன். எழுத்தில் வருவது யார் கைபேசியிலிருந்தும் வரலாம். நான் போனில் சொல்வதை அதே நொடியில் ஒருவன் ஒட்டுக்கேட்டு, அக்காவை முந்திக்கொண்டு தட்டினால் கோப்பு அவனுக்குப் போய்விடும்தான். ஆனால் அக்காவுக்கு வரவில்லை என்பது அந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும். அந்த அளவுக்குத் துரத்தப்படுகிறவர்களுக்காக, அனுப்புமுன் இரு திரைகளிலும் ஒரு சரிபார்ப்புக் கோவையைக் காட்டி ஒத்துப் பார்க்கச் சொல்லும் வசதியும் அதில் உண்டு.

'நேரடியாக' என்ற சொல்லைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிதான் இருக்கும். அந்த முகவரிக்கு வெளியிலிருந்து யாரும் வர முடியாது. கைபேசி இணையத்தில் இன்னும் மோசம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆக, சென்னை வீடும் பாளையங்கோட்டை வீடும் ஒன்றையொன்று கூப்பிட நினைத்தாலும் பல நேரம் கதவு கிடைக்காது. வார்ம்ஹோல் முதலில் நேரடியாக முயலும். முடியாவிட்டால் நடுவில் ஒரு ரிலே சர்வர் வழியாகக் கடத்தும். எந்த வழி என்று திரையிலேயே ஒரு வரி வரும். ரிலே வழியாகப் போனாலும் பூட்டுவது என் கணினியில், திறப்பது அக்காவின் கணினியில். நடுவில் உள்ள சர்வர் பார்ப்பது புரியாத பைட்டுகளை மட்டும்தான். அவற்றைச் சேமித்தும் வைப்பதில்லை, வாங்கிய கையோடு தள்ளிவிடுகிறது. இரண்டு இணைய முகவரிகள், என்ன நேரம், எவ்வளவு பெரிய கோப்பு என்பவை மட்டும் அதற்குத் தெரியும். எங்கள் வேலைக்கு அது தெரிந்தால் பாதகமில்லை. யாரோடு தொடர்பு என்பதே ரகசியமாக இருக்க வேண்டிய செய்தியாளருக்குப் பாதகம் உண்டு. அவர் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் ஒருகாலத்தில் நம் ஊர்க் கைபேசிகளில் எங்கும் இருந்தன. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இரண்டும் அடக்கம். இப்போது நான் வைத்திருப்பது லோக்கல்சென்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையமே வேண்டாம். களத்தில் அன்றைய பதிவை இரவே இன்னொரு மடிக்கணினிக்கு மாற்ற இதுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: விடுதி வைஃபையில் இதைப் பயன்படுத்த வேண்டாம். பட்டியலில் தெரிகிற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து அறைக்காரர் கணினியும் அங்கே தெரியலாம். என் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, இரண்டு கணினிகளையும் அதில் சேர்த்து அனுப்புகிறேன்.

வார்ம்ஹோலின் குறைகளையும் சொல்கிறேன். இருவரும் ஒரே நேரத்தில் கணினி முன்னால் இருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். என் வீட்டு இணையம் மேலேற்றும் வேகம் 20 எம்.பி.பி.எஸ். ஒரு மணி நேரப் பதிவு போக ஏழு நிமிடம் ஆகும். அதனால் பதிவுகளை மணிக்கு ஒரு கோப்பாக வெட்டி வைக்கிறேன். போனால் ஏழு நிமிடம் போகட்டும். மொத்தத் தொகுப்பையும் அடிக்கடி ஒத்திசைக்க வேண்டியவர்கள் ஆர்சிங்க் பக்கம் போகலாம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மக்கெரஸும் 1996இல் வெளியிட்டது. மறுமுனையில் ஏற்கெனவே இருப்பதை ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். எஸ்.எஸ்.எச். பூட்டுக்குள்ளேயே ஓடும். கருப்புத் திரையில் கட்டளை தட்டுவதில் விருப்பமில்லாதவர்களுக்கு வார்ம்ஹோலோடு பேசக்கூடிய வார்ப் என்ற செயலி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் போதும்.

போய்ச் சேர்ந்த கோப்பு பிசகில்லாமல் சேர்ந்ததா என்பதை வார்ம்ஹோல் தானே சரிபார்த்துவிடும். ஆனாலும் காப்பகத்துக்காக ஒவ்வொரு பதிவுக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கின் விடையை, 64 எழுத்துக் கோவையாக, பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கோவை முழுக்க மாறிவிடும். பல வருஷம் கழித்து வட்டிலிருந்து எடுக்கும்போது இதுதான் அந்தப் பாட்டி பேசியது, ஒரு துளியும் கெடவில்லை என்று சொல்ல எனக்கு வேறு சாட்சி கிடையாது.

வழியை எவ்வளவு பூட்டினாலும் இரண்டு முனைகளும் திறந்து கிடந்தால் பயனில்லை. அக்காவின் மடிக்கணினியிலும் என்னுடையதிலும் வட்டு முழுவதற்கும் மறையாக்கம் போட்டிருக்கிறது; திருடு போனால் எடுத்தவனுக்குப் பெட்டிதான் மிஞ்சும். தட்டெழுதி முடித்ததும் அவர் ஒலிக்கோப்பை அழித்துவிடுவார். அவர் திருப்பி அனுப்பும் எழுத்துக்கோப்பு நூறு கே.பி.கூட இருக்காது. "இத மெயில்லயே போட்ரட்டா?" என்று ஆரம்பத்தில் அக்கா கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். ஒலியில் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எழுத்தில் ஒரு நொடியில் கிடைத்துவிடும். அதனால் அந்தச் சின்னக் கோப்புக்கும் அவர் ஒரு குறியீடு எடுக்கிறார், என்னைக் கூப்பிடுகிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.